மருந்தும் மறுப்பும்: பண்டிதர் அயோத்திதாசரின் வாழ்வு

தமிழில் மருந்தின் பெயரையே தம் பெயராகத் தாங்கிய அறநூல்கள் மூன்று உண்டு. திரிகடுகம், சிறுபஞ்சமூலம், ஏலாதி என்னும் அவை பதினெண்கீழ்க்கணக்கில் அடங்குவன. இவற்றுள் ஏலாதி போடிநாயக்கனூர் மண்ணுக்கு மிக நெருங்கிய நூல். ஏலம், இலவங்கப்பட்டை, சிறுநாவற்பூ, மிளகு, திப்பிலி, சுக்கு ஆகிய ஆறும் கூடிய மருந்து உடற்பிணி நீக்குவது போல, பாட்டுக்கு ஆறாக அடுக்கிச் சொல்லப்படும் அறங்கள் உள்ளப்பிணி நீக்கும் என்பது கணிமேதாவியாரின் கருத்து. அம்மருந்தில் முதலிடம் பெறுவது, போடிமெட்டுக்கு அப்பால் விரியும் மலைச்சரிவுகளில் நிழல்மரங்களின் கீழ் விளையும் அதே ஏலந்தான். நூலறிவும் மருந்தறிவும் தனித்தனியே பிரியாதிருந்த காலம் ஒன்று தமிழுக்கு இருந்தது என்பதற்கு இப்பெயர்களே சான்று.

அம்மரபின் வழியில் வந்து, அவ்விரண்டு அறிவையும் ஒடுக்கப்பட்ட மக்களின் விடுதலைக்குப் பயன்படுத்தியவர் பண்டிதர் அயோத்திதாசர். பண்டிதர் என்னும் சொல் புலவரையும் குறிக்கும், வைத்தியரையும் குறிக்கும். இரு பொருளிலும் அப்பட்டத்துக்கு உரியவராக அவர் வாழ்ந்தார். இதழாசிரியர் என்றும், பௌத்தர் என்றும், சாதி மறுப்பாளர் என்றும் அவரை அறிந்தோர் பலர். அவர் மூலிகையும் நாடியும் தேர்ந்த சித்த வைத்தியர் என்பதையும், அவருடைய சமூகப் போராட்டம் அம்மருத்துவத்தோடு பிரிக்க முடியாதவாறு பிணைந்திருந்தது என்பதையும் எண்ணிப் பார்த்தோர் சிலரே.

பிறப்பும் கல்வியும்

இந்தியாவில் அடிமைமுறையைச் சட்டம் ஏற்காது என்று கிழக்கிந்தியக் கம்பெனி அரசு அறிவித்தது 1843ஆம் ஆண்டில். அதற்கு இரண்டாண்டுகள் கழித்து, 1845 மே 20ஆம் நாள் அயோத்திதாசர் பிறந்தார். சட்டம் மாறியதேயன்றிச் சேரிகளின் நிலை மாறவில்லை. பண்ணையாள் பண்ணையாளாகவே இருந்தார். பொதுக்கிணறும் பள்ளிக்கூடமும் எட்டாத் தொலைவிலேயே இருந்தன.

பெற்றோர் அவருக்கு இட்ட பெயர் காத்தவராயன். சாதியின் எல்லையை மீறிக் காதலித்துக் கழுவேறிய வீரனாக நாட்டுப்புறக் கதைகளில் வாழும் தெய்வத்தின் பெயர் அது. அவருடைய பாட்டனார் கந்தப்பன், ஆரிங்டன் என்னும் ஆங்கில அதிகாரியிடம் பட்லராகப் பணிபுரிந்தவர். தம் இல்லத்தில் இருந்த திருக்குறள், நாலடியார் ஓலைச்சுவடிகளைக் கந்தப்பன் அவ்வதிகாரியிடம் தந்தார் என்றும், அவை எல்லிஸ் துரையின் கைக்குச் சென்று அச்சேற உதவின என்றும் அயோத்திதாசர் பிற்காலத்தில் எழுதியுள்ளார். கல்வி மறுக்கப்பட்டோர் என்று ஊர் நினைத்த குடும்பத்தில் குறள் சுவடி இருந்தது என்னும் இச்செய்தியை அவர் தம் வாழ்நாள் முழுவதும் பெருமையோடு நினைவிற் கொண்டிருந்தார்.

குடும்பம் நீலகிரிக்குச் சென்றது. அவருடைய இளமையும் பொதுவாழ்வின் தொடக்கமும் அம்மலையோடு தொடர்புடையவை. தமிழ், ஆங்கிலம், வடமொழி, பாலி ஆகிய மொழிகளில் அவர் பயிற்சி பெற்றார். தமிழ் இலக்கியமும் சித்த மருத்துவமும் கற்பித்த ஆசிரியர் வீ. அயோத்திதாச கவிராஜ பண்டிதர். ஆசிரியர்மீது கொண்ட பற்றினால் மாணவர் காத்தவராயன் என்னும் தம் பெயரை விடுத்து அயோத்திதாசர் என்னும் பெயரை ஏற்றார். அவர் பெற்ற முதற்செல்வம் மருந்தறிவு. அதைத் தந்தவரின் பெயரே அவருக்கு வாழ்நாள் பெயராயிற்று.

மலையில் தொடங்கிய போராட்டம்

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பாதியில் நீலகிரி காப்பி, தேயிலைத் தோட்டங்களாக மாறிக்கொண்டிருந்தது. சமவெளியிலிருந்து மலையேறிய கூலிகளுள் மிகப் பலர் ஒடுக்கப்பட்ட மக்கள். ஏலமலையின் சரிவுகளை அறிந்தோர்க்கு அக்காட்சி புதியதன்று. காட்டைத் திருத்தியவர் ஒருவர், அதன் பயனைக் கண்டவர் வேறொருவர் என்னும் கதை இரு மலைகளுக்கும் பொது.

அங்கே 1870களில் அயோத்திதாசர் அத்வைதானந்த சபையைத் தோற்றுவித்தார். எல்லா உயிரும் ஒன்றென்னும் தத்துவத்தில் சாதிக்கு இடமில்லை என்று அந்நாளில் அவர் நம்பினார். 1885இல் அருட்திரு ஜான் ரத்தினத்தோடு இணைந்து திராவிட பாண்டியன் என்னும் இதழை நடத்தினார். 1891 டிசம்பர் முதல் நாள் நீலகிரியில் திராவிட மகாஜன சபையின் மாநாட்டைக் கூட்டினார். அம்மாநாடு பத்துத் தீர்மானங்களை நிறைவேற்றியது. இழிபெயர் சொல்லி அழைப்பதைக் குற்றமாக்க வேண்டும், சிறையில் ஒடுக்கப்பட்டோரை மட்டும் துப்புரவு வேலைக்கு ஏவும் விதி நீங்க வேண்டும், பள்ளிகளும் உதவித்தொகையும் வேண்டும், பொதுக் கிணறு குளங்களில் நீரெடுக்கத் தடை கூடாது என்பன அவற்றுட் சில. காங்கிரசு தோன்றி ஆறே ஆண்டுகள் ஆகியிருந்த காலத்தில், குடிநீரையும் கல்வியையும் மானத்தையும் ஒரே பட்டியலில் வைத்துக் கேட்ட மாநாடு அது.

அடுத்த ஆண்டு, 1892இல், சென்னையில் கூடிய மகாஜன சபைக் கூட்டத்துக்கு அவர் நீலகிரியின் பேராளராகச் சென்றார். சிவன் கோவிலிலும் பெருமாள் கோவிலிலும் தம் மக்களுக்கு நுழைவு வேண்டும் என்று கேட்டார். அத்தெய்வங்கள் உங்களுக்குரியவை அல்ல, உங்களுக்கு வேறு தெய்வங்கள் உண்டு என்னும் மறுமொழியே அவையிலிருந்து எழுந்தது. அப்படியாயின் உங்கள் சாமிகள் எங்களுக்கு வேண்டியதில்லை என்று அவர் கூறிவிட்டு, எங்கள் பிள்ளைகளுக்கு நான்காம் வகுப்புவரை இலவசக் கல்வியும் தரிசு நிலமும் கிடைக்க வழி செய்யுங்கள் என்று கேட்டார். அக்கூட்டமே அவரை அத்வைதத்திலிருந்து வெளியேற்றிய கூட்டம் எனலாம். 1898இல் கர்னல் ஆல்காட்டின் துணையோடு இலங்கை சென்று சுமங்கல தேரரிடம் பஞ்சசீலம் ஏற்றார். திரும்பி வந்து சென்னை இராயப்பேட்டையில் சாக்கிய பௌத்த சங்கத்தை நிறுவினார்.

நாடி பிடித்த கை

சென்னையில் அவர் வைத்தியராகவும் பணிபுரிந்தார். சித்த மருத்துவத்தில் நோய் அறியும் முறைகள் எட்டு. நாடி, ஸ்பரிசம், நா, நிறம், மொழி, விழி, மலம், மூத்திரம் என அவற்றை எண்ணுவர். இரண்டாவதாக உள்ள ஸ்பரிசம் என்பது தொடுதல். முதலாவதாகிய நாடியும் தொட்டே அறியப்படுவது. மணிக்கட்டில் மூன்று விரல் வைத்து வாதம், பித்தம், ஐயம் ஆகியவற்றின் நடையை வைத்தியர் உணர்கிறார். தொட்டால் தீட்டு என்று ஊர் ஒதுக்கிய குலத்தில் பிறந்த ஒருவருடைய விரல்கள், நோய் வந்தபோது எல்லாச் சாதியாருடைய மணிக்கட்டிலும் வைக்கப்பட்டன. மேடையில் ஆயிரம் சொல்லி நிறுவ வேண்டிய உண்மையை அக்கை ஓசையின்றி நிறுவியது.

அவர் கையால் எழுந்து நடந்தவர்களுள் ஒருவர் தமிழ் உலகம் நன்கறிந்த பெரியார். இராயப்பேட்டையில் வளர்ந்த திரு.வி. கலியாணசுந்தரனார், சிறுவனாக இருந்தபோது கையும் காலும் முடங்கிப் பள்ளிக்குச் செல்ல இயலாமற் போனார். அவரைக் குணப்படுத்தியவர் அயோத்திதாசப் பண்டிதர். இதனைத் திரு.வி.க. தம் வாழ்க்கைக் குறிப்புகளில் நன்றியோடு பதிவு செய்துள்ளார். அச்சிறுவனே 1918இல் சென்னைத் தொழிலாளர் சங்கம் தோன்றியபோது அதன் முன்னணியில் நின்றார், நவசக்தியை நடத்தினார், தமிழ் உரைநடைக்குப் புதுநடை தந்தார். பண்டிதரின் மருந்தால் மீண்ட கால்கள் தொழிலாளரோடு நடந்தன. மீண்ட கை தமிழ் எழுதியது.

செடிக்கு ஒரு வரலாறு

1907 ஜூன் 19ஆம் நாள் இராயப்பேட்டையிலிருந்து ஒரு பைசாத் தமிழன் என்னும் வார இதழ் வெளிவந்தது. நான்கு பக்கம், காலணா விலை. ஓராண்டுக்குப் பின் தமிழன் எனப் பெயர் சுருங்கியது. ஆயின் அதன் நோக்கம் விரிந்தது. கோலார் தங்கவயலிலும் பர்மாவிலும் தென்னாப்பிரிக்காவிலும் உழைத்த தமிழர் அதனைப் படித்தனர். திருக்குறளுக்கும் ஆத்திசூடிக்கும் உரை, இந்திரர் தேச சரித்திரம், புத்தரது ஆதிவேதம் என அவருடைய பெரும்படைப்புகள் அவ்விதழின் பக்கங்களிலேயே வளர்ந்தன.

அவ்வெழுத்துகளுள் கவிஞர்கள் ஊன்றிப் பார்க்க வேண்டிய பகுதி ஒன்று உண்டு. திருவிழாக்களுக்கு அவர் கண்ட விளக்கம் அது. தீபாவளி அசுரன் ஒருவனைக் கொன்ற நாளன்று என்பது அவர் முடிவு. பௌத்தத் துறவிகள் எள்ளிலிருந்து நெய் எடுக்கும் வகையையும் அதன் மருத்துவக் குணத்தையும் கண்டறிந்து, மக்கள் அதனைத் தேய்த்து நீராடத் தொடங்கிய நாளின் நினைவே அது என்றார். கார்த்திகைத் தீபத்தை ஆமணக்கு நெய்யோடு இணைத்தார். அம்மனை, வேப்பிலையின் குணத்தை மக்களுக்குக் கற்பித்த பௌத்தப் பெண்துறவியாகக் கண்டார்.

இவ்விளக்கங்களை எல்லாம் இன்றைய வரலாற்றாய்வு அப்படியே ஒப்புக்கொள்ளும் என்று சொல்வதற்கில்லை. சொல்லாராய்ச்சியைக் கொண்டும் செவிவழி மரபைக் கொண்டும் அவர் எழுப்பிய கட்டடம் அது. எனினும் அதன் அடியில் உள்ள நோக்கம் தெளிவானது. கொலையின் வெற்றியைக் கொண்டாடும் கதைகள் இருந்த இடத்தில், ஒரு விதையின் பயனைக் கண்டறிந்த கதையை அவர் வைத்தார். வீழ்த்தப்பட்டவனை அசுரன் என்று பெயரிட்ட கதையை மறுத்து, வீழ்த்தப்பட்டவர்களின் முன்னோர் மருந்து தந்தவர்கள் என்றார். வீரபாண்டி கௌமாரியம்மன் திருவிழாவில் வேப்பிலையோடு அக்கினிச்சட்டி ஏந்திச் செல்லும் கூட்டத்தைக் கண்ட எவர்க்கும், அவ்விலை முதலில் மருந்து, பின்னரே வழிபாட்டுப் பொருள் என்னும் அவர் எண்ணம் பொருளற்றதாகத் தோன்றாது.

கடலுக்கு அப்பால்

செடியின் அறிவைத் தம் மானத்தின் காப்பாகக் கொண்ட மக்கள் தமிழகத்துக்கு வெளியிலும் இருந்தனர். ஆப்பிரிக்காவிலிருந்து சங்கிலியிற் பிணைத்து அமெரிக்கக் கண்டங்களுக்கும் கரீபியத் தீவுகளுக்கும் கொண்டு செல்லப்பட்ட கறுப்பின மக்களிடம் உடைமை எதுவும் விட்டு வைக்கப்படவில்லை. நெஞ்சில் இருந்த மூலிகை அறிவை மட்டும் எவராலும் பறிக்க முடியவில்லை. ஓவியரும் இயற்கை ஆய்வாளருமான மரியா சிபில்லா மெரியான் 1705இல் வெளியிட்ட நூலில் சுரினாம் நாட்டுச் செடி ஒன்றை வரைந்து, தம் குழந்தைகளும் அடிமைகளாகப் பிறக்கக் கூடாதென்று அடிமைப் பெண்கள் அதன் விதைகளைக் கொண்டு கருவைக் கலைத்தனர் எனக் குறித்தார். அச்செடி வேறன்று, தமிழகத்து வீட்டு முற்றங்களில் செம்மஞ்சளாய்ப் பூத்து நிற்கும் மயிற்கொன்றைதான். இன்றைய ஹெய்தியில், மூலிகை அறிந்த மக்கண்டால் என்னும் அடிமை, வெள்ளை முதலாளிகளுக்கு எதிராக நஞ்சுச் சதி செய்தார் என்று 1758இல் எரித்துக் கொல்லப்பட்டார். வர்ஜீனியாவும் தென்கரோலினாவும் அடிமைகள் மருந்து கொடுப்பதைத் தடுக்கச் சட்டமே இயற்றின. அடிமையின் கையிலிருந்த வேரைக் கண்டு ஆண்டான் அஞ்சினான் என்பதற்கு வேறு சான்று வேண்டியதில்லை.

அயோத்திதாசரின் காலத்திலேயே, அமெரிக்காவில் அடிமையாகப் பிறந்த ஜார்ஜ் வாஷிங்டன் கார்வர் தாவரவியல் கற்று, 1896இல் டஸ்கீகி கல்வி நிலையத்தில் பணியேற்றார். பருத்தியால் சத்திழந்த மண்ணை நிலக்கடலையும் தட்டைப்பயறும் மீட்கும் என்று ஏழைக் கறுப்பின உழவர்க்குக் கற்பித்தார். அவர் ஓவியரும் ஆவார். அவர் வரைந்த செடியின் ஓவியம் 1893இல் சிகாகோ உலகக் கண்காட்சியில் இடம்பெற்றது. இவ்விருவரும் ஒருவரை ஒருவர் அறிந்தாரல்லர். ஆயினும் அடிமைத்தனத்தின் நிழலில் பிறந்து, செடியைக் கற்று, அக்கல்வியைத் தம் மக்களுக்கே திருப்பித் தந்த வாழ்க்கை இருவருக்கும் பொது. இந்த ஒப்புமை தற்செயலானது மட்டுமன்று. 1834இல் பிரிட்டிஷ் குடியேற்றங்களில் அடிமைமுறை ஒழிந்தபோது, கறுப்பின மக்கள் விட்டுச் சென்ற கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாகக் கப்பலேறியோரில் தமிழகத்தின் ஒடுக்கப்பட்ட மக்களும் இருந்தனர்.

குறையும் நிறைவும்

பெரியோரின் வாழ்வை எழுதுங்கால் குறையை மறைப்பது அவர்க்குச் செய்யும் சிறப்பன்று. தாழ்த்தப்பட்டோர் வேறு, தாழ்ந்தோர் வேறு என்று அயோத்திதாசர் பிரித்தார். பூர்வ பௌத்தர் என்று அவர் உரிமை கோரிய மக்கள் முதல் வகையினர். குறவர், வில்லியர், சக்கிலியர், தோட்டிகள் ஆகியோரை அவர் மற்ற வகையில் வைத்தார். சாதியை வேரோடு பிடுங்க முனைந்தவரின் எழுத்திலேயே சாதியின் ஒரு வேர் எஞ்சியிருந்தது. அவரைப் போற்றும் ஆய்வாளரும் இதனைச் சுட்டியுள்ளனர். காட்டையும் மூலிகையையும் அன்றாட வாழ்வாகக் கொண்ட மக்களே அவருடைய வட்டத்துக்கு வெளியே நின்றனர் என்பது, மருத்துவராகிய அவரைப் பொறுத்தவரையில் இன்னும் வருந்தத்தக்கது. ஏலமலைச் சரிவுகளில் முதுவரும் பளியரும் காத்துவரும் செடியறிவை நினைக்கும்போது அக்குறையின் அளவு விளங்கும்.

1914 மே 5ஆம் நாள் அவர் மறைந்தார். ஏழாண்டுகள் கழித்து, 1921இல், நாட்டு மருத்துவ முறைகளை ஆராயச் சென்னை அரசு முகம்மது உஸ்மான் தலைமையில் குழு அமைத்தது. அதனைக் காணும் வாய்ப்பு அவருக்கு இல்லாமற் போயிற்று. அவர் மகன் பட்டாபிராமன் இதழைச் சிலகாலம் நடத்தினார். பின்னர்க் கோலார் தங்கவயலில் அப்பாதுரையாரின் முயற்சியால் தமிழன் மீண்டும் வெளிவந்தது. அதன் பிறகு நெடுங்காலம் தமிழ் அறிவுலகம் அவரை மறந்திருந்தது. பழைய இதழ்களைக் காத்து வைத்த அன்பு பொன்னோவியம் போன்றோரின் உழைப்பாலும், 1999இல் ஞான அலாய்சியஸ் தொகுத்துப் பாளையங்கோட்டையிலிருந்து வெளிவந்த தொகுதிகளாலும் அவர் மீண்டும் படிக்கப்பட்டார். இறந்து எண்பத்தைந்து ஆண்டுகள் கழிந்திருந்தன. 2005இல் அவர் உருவம் தாங்கிய அஞ்சல்தலை வெளியிடப்பட்டது. அதே ஆண்டில் தாம்பரத்தில் திறக்கப்பட்ட தேசிய சித்த மருத்துவ நிறுவனத்தின் மருத்துவமனை அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. நாள்தோறும் அங்கே நாடி பார்க்கப்படுகிறது. தொடுவோரும் தொடப்படுவோரும் சாதி கேட்பதில்லை. அவர்க்கு அமைந்த நினைவுச் சின்னங்களுள் அவர் மிக விரும்பியிருக்கக் கூடியது அதுவாகவே இருக்கும்.

எண்பத்தைந்து ஆண்டு மறதி அயோத்திதாசர் ஒருவர்க்கு மட்டும் நேர்ந்ததன்று. எழுதப்படாத அறிவு அனைத்துக்கும் நேர்வது அது. போடியிலிருந்தும் தேவாரத்திலிருந்தும் கம்பத்திலிருந்தும் விடியுமுன் ஜீப்புகளில் ஏறி, மலை கடந்து ஏலத்தோட்டங்களுக்குச் சென்று பொழுது சாயத் திரும்பும் பெண்கள், அட்டைக் கடிக்கும் பூச்சிக் கடிக்கும் எந்த இலையைக் கசக்க வேண்டும் என்று அறிந்தவர்கள். ஏலாதி என்னும் நூலின் பெயரை அவர்களுட் பலர் கேட்டிருக்க மாட்டார்கள். அதன் முதல் மருந்தைத் தினந்தோறும் பறிக்கும் கை அவர்களுடையது. அக்கையின் அறிவையும் நூலாகக் கருதுவதே பண்டிதர் தம் வாழ்வால் காட்டிய வழி.